ஒன்பதாவது படி

ஜூன் 5, திங்கள்

காலை: இட்லி மூன்று. மதியம்: சோறு ஒரு கரண்டி, கீரை. இரவு: கோதுமை தோசை இரண்டு.

இந்த டயரியைக் கொடுத்தது டாக்டர் புனிதாம்மா. மருந்துக் கம்பெனி டயரி. அட்டையில் ஒரு கல்லீரல் சிரித்துக்கொண்டிருக்கிறது. என் சர்க்கரை முந்நூற்றுப் பத்தைத் தொட்டதால், தின்பதையெல்லாம் எழுதி மாதம் ஒருமுறை காட்ட வேண்டுமாம். மேல்வரி அவர்களுக்கு, கீழே இருப்பது எனக்கு. என் கையெழுத்தை இரண்டு வரிக்கு மேல் வாசித்தவர் கோவில்பட்டியிலேயே கிடையாது. மருந்துச் சீட்டு வாசித்தே கண் போன எங்கள் கம்பவுண்டரும் கைவிட்டுவிட்டார்.

இன்றைய விசேஷம்: ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று கொடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். மருந்து ஸ்டோரில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. எந்த மருந்து எங்கே இருக்கிறது, எது எப்போது காலாவதியாகிறது என்பதெல்லாம் அதில்தான். அந்த சாஃப்ட்வேர் இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். வந்தவர், "இதுக்கு சப்போர்ட் யாரு?" என்று கேட்டார். டிரஸ்ட் செயலாளர் தங்கப்பழம் சார் என்னைக் காட்டினார். ஸ்டோர் பொறுப்பாளர் அய்யாத்துரையாகிய நான் அந்த நேரத்தில் சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றிவிட்டு ஃபேனுக்கு அடியில் வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தேன். வந்தவர் என்னைப் பார்த்தார், வெள்ளரிக்காயைப் பார்த்தார். 'சப்போர்ட் இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

ஜூன் 7, புதன்

காலை: இட்லி மூன்று. மதியம்: சோறு ஒரு கரண்டி. மாலை: காபி, சர்க்கரை இல்லாமல்.

தங்கப்பழம் சார் கூப்பிட்டுவிட்டார்.

"ஓசில வந்த சாஃப்ட்வேர்தானவே? ஓசில வந்ததுக்கு எதுக்கு ஆளு?"

"கிணத்துத் தண்ணி ஓசிதான் சார். மோட்டார் நின்னா மெக்கானிக்கைத்தான தேடுதோம்."

"இத்தனை நாளா மெக்கானிக் யாரு?"

"நான்தான் சார்."

"நீரு என்ன படிச்சிருக்கீரு?"

பத்தாவது ஒரு தடவை, பன்னிரண்டாவது ஒன்றரைத் தடவை என்றேன். அந்த அரை என்னவென்று அவர் கேட்கவில்லை. தரச்சான்றுக்கு சப்போர்ட், அதாவது பழுது பார்க்கும் ஆள், கட்டாயமாம்; மூன்று கம்பெனிகளை வரச்சொல்லியாயிற்று. மார்க் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கமிட்டியில் அவர், புனிதாம்மா, நான். தொழில்நுட்பத்துக்கு நாற்பது மார்க். அதைப் போடுவது நான். பரீட்சையில் முப்பத்தைந்து வாங்கப் படாதபாடு பட்டவன் கையில் நாற்பது மார்க்.

ஸ்டோர் கம்ப்யூட்டர், அதாவது சர்வர், நின்றால் எழுப்ப என்னிடம் பன்னிரண்டு படிகள் உண்டு. சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்த பையன் வெளிநாடு போனபிறகு, தட்டித் தடவி நானே கண்டுபிடித்தது. இந்த சாஃப்ட்வேர்காரர்கள் உலகம் முழுவதும் கூடிப் பேசுகிற ஃபோரம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் என் மகள் ரேணுகா பிளஸ் ஒன் படிக்கும்போது, நான் சொல்லச்சொல்ல அவள் இங்கிலீஷில் அடித்து அதில் போட்டாள். 'அய்யாத்துரை ஸ்டோர்' என்று பெயர். நன்றி சொன்னவர் யாருமில்லை. ஒரு பிரேசில்காரர் மட்டும் கட்டைவிரல் காட்டியிருந்தார்.

அதில் ஒன்பதாவது படி: சீலிங் ஃபேனை அணைக்கவும். ஃபேன் சுற்றும்போது சர்வரைப் போட்டால் ஸ்டோர் முழுக்க கரண்ட் போய்விடும். ஏன் என்று தெரியாது. அணைத்தால் போகாது. அவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

ஜூன் 12, திங்கள்

இட்லி மூன்று.

முதல் கம்பெனி, மேருடெக், சென்னை. நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் பேசினார், மூவர் தலையாட்டினார்கள். மாட்டுவண்டிக்கே இரண்டு தலைதான் ஆடும். அறுபத்துநான்கு படம் காட்டினார்கள். எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு சிரிக்கிறாள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"சர்வர் நின்னா எவ்வளவு நேரத்துல சரி பண்ணுவீங்க?"

"நாலு மணி நேரத்துல ரெஸ்பான்ஸ் சார்."

"ரெஸ்பான்ஸ்னா, சரியாயிரும்?"

"ரெஸ்பான்ஸ்னா, நீங்க சொன்னது எங்களுக்குக் கிடைச்சிருச்சுன்னு சொல்லுவோம் சார்."

கிடைத்ததைச் சொல்ல நான்கு மணி நேரம். எங்கள் தெரு கூரியர்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

ஜூன் 14, புதன்

இட்லி மூன்று. ஆப்பிள் ஒன்று, சிறியது.

இரண்டாவது கம்பெனி, வைடூரியம் இன்ஃபோ, கோயம்புத்தூர். மேனேஜர் கிருபாகரன் பழக்கூடையோடு வந்தார். கூடையில் ஒரு பழம்கூட நம் ஊர் பழம் இல்லை. ஒவ்வொன்றும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. என்னை "அய்யாத்துரை அண்ணாச்சி" என்றார். என்னைவிட நான்கு வயதாவது மூத்தவர்.

"உங்க அனுபவம் எங்க இன்ஜினியர்களுக்கே கிடையாது அண்ணாச்சி" என்றார். இப்படி ஒரு பச்சைப்பொய்யை இவ்வளவு சுத்தமாகச் சொல்ல எத்தனை வருடப் பழக்கம் வேண்டும் என்று வியந்தேன். பிறகு பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். பேச்சுவாக்கில் ரேணுகாவைச் சொன்னேன். இன்ஜினியரிங் முடித்து ஒரு வருடம். செல்போன் கடையில் பில் போடுகிறாள். அவ்வளவுதான் சொன்னேன். அவள் பயோடேட்டா கேட்டார். பையில் தற்செயலாக மூன்று காப்பி இருந்தது.

ஜூன் 16, வெள்ளி

இட்லி மூன்று.

மூன்று கம்பெனிக்கும் ஸ்டோரிலிருந்து போன் போட்டுச் சோதித்தேன். சர்வர் நின்றுவிட்டது என்று ஒரு பொய்.

மேருடெக்: ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, நட்சத்திரத்தை அழுத்து. பதினெட்டு நிமிடம் வீணை வாசித்துவிட்டு, என் அழைப்பு முக்கியமானது என்று சொல்லித் துண்டித்தார்கள்.

வைடூரியம்: ஒரு பெண் எடுத்தாள். "டிக்கெட் நம்பர் சொல்லுங்க சார்" என்றாள். டிக்கெட் என்றால் புகாராம்; அந்த நம்பர் வாங்கத்தான் கூப்பிடுகிறேன் என்றேன். "நம்பர் இல்லாம நம்பர் குடுக்க முடியாது சார்" என்றாள். சரி, புதிய கம்பெனி, பழகிக்கொள்வார்கள். பதினேழு வருடமாக நடக்கிற கம்பெனி என்று கூடையில் இருந்த கார்டு சொல்கிறது. இருந்தாலும்.

மூன்றாவது மதுரையில் ஸ்டெல்லா என்று ஒரு அம்மா. கம்பெனிக்குத் தனியாகப் பெயர் இருந்தால் அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. போனை எடுத்ததும் குக்கர் விசில் கேட்டது. "பிள்ளையை வேன்ல ஏத்திட்டு அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுதேன்" என்றார். ஆகா, என்ன அருமையான அலுவலகம் என்று சிரித்துக்கொண்டேன். நாலாவது நிமிடம் போன் அடித்தது. "திரையில என்ன எழுதியிருக்கு, அப்படியே வாசிங்க" என்றார். பொய்க்கு எதை வாசிப்பது. தானாகச் சரியாகிவிட்டது என்றேன். "தானா எதுவும் சரியாகாதுங்க. பாத்துக்கிடுங்க" என்றார்.

ஜூன் 17, சனி

இட்லி மூன்று. கேசரி ஒரு ஸ்பூன், வீட்டில் விசேஷம் என்பதால்.

ரேணுகாவுக்கு வைடூரியத்தில் வேலை. நேற்று போனில் இன்டர்வியூ. நான்கு கேள்வி, நான்குக்கும் சரியாகச் சொன்னாளாம். திங்கள்கிழமை கோவையில் பயிற்சி தொடக்கம். கடிதத்தில் கடைசி வரி: கோவில்பட்டி மருத்துவமனைத் திட்டம் உறுதியானதும் பணி நிரந்தரம் செய்யப்படும். ஏதோ அலுவலக வழக்கம்போல.

என் மனைவி சண்முகக்கனி கடிதத்தைச் சாமி படத்துக்கு முன் வைத்தாள். செல்போன் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்த ரேணுகா, "அப்பா, யாரையும் பிடிக்காம நானே வாங்கிட்டேன்" என்றாள். நான் கேசரியைப் பற்றி ஏதோ சொன்னேன்.

ஜூன் 20, செவ்வாய்

இட்லி மூன்று.

வைடூரியம் செய்முறை காட்ட வந்தது. இடம் மீட்டிங் ஹால். ஏசி பழுது, ஒரே ஒரு சீலிங் ஃபேன். வெளியே வெயில் நூற்று நான்கு. டை கட்டிய இன்ஜினியர் ஒருவர், நம் ஸ்டோரில் இருப்பதுபோலவே ஒரு சர்வரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கையில் பளபளவென்று ஒரு புத்தகம். கம்பெனியின் சொந்த ஆராய்ச்சியாம். நின்றுபோன சர்வரை எழுப்பும் பன்னிரண்டு படி முறை.

ஒன்று, இரண்டு, மூன்று என்று போனார். எனக்குப் பழக்கப்பட்ட தெருவில் நடப்பதுபோல இருந்தது. எட்டு முடிந்தது. புத்தகத்தைப் பார்த்தார், நிமிர்ந்து மேலே பார்த்தார், சுவரோரம் நடந்துபோய் ஃபேனை அணைத்தார்.

தங்கப்பழம் சாரின் நெற்றியில் வியர்வை திரண்டு மூக்கு வழியாக இறங்கியது.

"ஃபேனை எதுக்குவே அணைச்சாரு?" என்று என்னைக் கேட்டார்.

இன்ஜினியர் முந்திக்கொண்டார். "ப்ரோசிஜர் சார். சிஸ்டம் ஸ்டேபிளா வர்றதுக்கு."

"ஓ" என்றார் சார். விஞ்ஞானத்துக்கு மரியாதை கொடுத்து எல்லோரும் உருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். புனிதாம்மா என் மார்க் தாளை எடுத்து விசிறிக்கொண்டே கேட்டார்கள்.

"அய்யாத்துரை, உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?"

இல்லை என்று தலையாட்டினேன். மாட்டுவண்டியைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன்.

ஜூன் 22, வியாழன்

இட்லி மூன்று.

ஸ்டெல்லா மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தார். நாற்பது வயதிருக்கும். கூடை இல்லை, படம் இல்லை, கார்டுகூட தீர்ந்துவிட்டதாம். மீட்டிங் ஹால் வேண்டாம், சர்வர் இருக்கிற இடத்தைக் காட்டுங்கள் என்றார். ஸ்டோருக்குக் கூட்டிப்போனேன். புனிதாம்மா கேட்ட இரண்டு கேள்விக்கு, "தெரியாது, பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார். தெரியாது என்று சொல்வதற்கா பஸ் ஏறி வந்தார் என்று நினைத்தேன். அதைச் சொல்ல எனக்கே தெரியுமே.

எல்லோரும் போனபிறகு என்னைக் கேட்டார்.

"ஃபோரத்துல 'அய்யாத்துரை ஸ்டோர்'னு போட்டது நீங்கதானா?"

"ஆமா."

"ஆறு வருஷமா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். அந்த ஒன்பதாவது படி எதுக்குங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவிட்ச் போர்டிலிருந்து ஒயர் போகும் வழியைப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து, பஞ்சுப் பெட்டிகளை நகர்த்தினார்.

"ஃபேனும் சர்வரும் ஒரே இன்வெர்ட்டர் லைன்ல இருக்கு. சர்வர் கிளம்பும்போது ரெண்டையும் சேத்துத் தாங்காது, ட்ரிப் ஆவுது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லைனைப் பிரிங்க, அரை மணி நேர வேலை. இதுக்கு நான் வேண்டாம்."

ஆறு வருடமாக ஃபேனை அணைத்து அணைத்து வியர்த்தவனுக்கு, கையைத் தட்டிப் பஞ்சைத் துடைத்துவிட்டு ஒரு வாக்கியத்தில் பதில். போகும்போது, "மத்த பதினொண்ணும் அருமை. நான் நாலு ஆஸ்பத்திரியில அதை வச்சு எழுப்பியிருக்கேன். உங்க பேரைச் சொல்லித்தான்" என்றார்.

எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்கவில்லை.

ஜூன் 24, சனி

இட்லி மூன்று.

மார்க் தாளைக் கொடுத்துவிட்டேன். மேருடெக் ஒன்பது. ஸ்டெல்லா இருபத்திரண்டு, தெரியாது என்றதற்கு இரண்டுமுறை கழித்தது, கூட ஆள் பலம் இல்லாதது. வைடூரியம் முப்பத்தாறு. முப்பது என்றுதான் எழுதினேன், பேனா கொஞ்சம் வளைந்துவிட்டது. வளைந்ததை அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும்.

திங்கள் காலை பத்தரைக்கு முடிவு.

ஜூன் 25, ஞாயிறு

மதியம் ரேணுகா போன் பண்ணினாள். முதலில் சிரித்தாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை கிளாஸ்ல பன்னெண்டு படி புக்கை மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க. ஒன்பதாவது எதுக்குன்னு டிரெய்னர் கேட்டாரு. ஒருத்தன் காந்தப்புலம்னான். ஒருத்தி தூசின்னா. டிரெய்னர் ரெண்டுமே சரின்னாரு."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான் எந்திரிச்சு, இது எங்க அப்பா சொல்லி நான் அடிச்சது, எங்க அப்பா ஸ்டோர்ல ஃபேன் போட்டா கரண்ட் போயிரும்னு சொல்லிட்டேன். ஸ்பெல்லிங் மிஸ்டேக் கூட என்னோடதுதான்பா, அப்படியே இருக்கு."

பிறகு குரல் மாறியது.

"கிருபாகரன் சார் ரூமுக்குக் கூப்பிட்டாரு. 'உங்க அப்பா கமிட்டியில இருக்காரு, எல்லாம் நல்லபடியா முடியப்போவுது, நீ சும்மா இரும்மா'ன்னாரு. என்ன கமிட்டிப்பா?"

"அது சும்மா."

"என் பயோடேட்டா அவங்களுக்கு எப்படிப் போச்சு? நான் இந்தக் கம்பெனிக்குப் போடவே இல்லையே."

"ரேணு..."

"நாலு கேள்விக்கும் நான் சரியாத்தானப்பா சொன்னேன்?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

சாப்பாட்டுக் கணக்கு இன்று எழுதவில்லை.

ஜூன் 26, திங்கள்

ஒன்பதே முக்காலுக்குத் தங்கப்பழம் சார் அறைக்குப் போனேன், புனிதாம்மாவும் அங்கே இருந்தார்கள். மார்க்கைத் திருப்பித் தாருங்கள் என்றேன்.

"ஏன், கூட்டிப் போடணுமா? நாற்பதுக்கு மேல போடமுடியாதுவே."

நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். ஃபேன், புத்தகம், பயோடேட்டா, பேனா. பேனா வளையவில்லை என்பதையும். புனிதாம்மா நான் பேசப் பேச என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் கடைசிவரை கேட்டார்.

"அப்ப அன்னைக்கு நான் அவிஞ்சு உக்காந்திருந்தது உம்ம ஸ்டோர் ஒயருக்காகவா?"

"ஆமா சார்."

"உமக்கு அப்பவே தெரியும்."

"தெரியும் சார்."

மார்க் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "வைடூரியத்துக்கு என்ன மார்க்குவே இப்ப?" என்றார்.

"என் பிள்ளை பேர் கலந்த தாள் சார். நான் போடக்கூடாது."

"அறிவு இப்பவாவது வந்துதே. கமிட்டியை விட்டு வெளிய போம்."

போனேன். பத்தரைக்குக் கதவு மூடியது. வெளியே பெஞ்சில், ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். கிருபாகரனின் பழக்கூடையும் அவனும் நினைவுக்கு வர, அந்த ஆளை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். அடுத்தவன் எழுதியதைத் திருடி அட்டை போட்டு விற்கிறவன், ஃபேன் எதற்கென்று கேட்கக்கூடத் துப்பில்லாதவன். திட்டி முடிந்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. அவன் விற்றது என் பன்னிரண்டு படியை. நான் விற்றது என் மகள் சரியாகச் சொன்ன நான்கு பதிலை. இனி அவை சரியா என்று அவளுக்கே தெரியாது.

முடிவு: ஸ்டெல்லா, ஒரு வருடத்துக்கு. ஸ்டோரில் முதல் ஆளாக எதையும் பார்க்கவேண்டியது நான். எனக்குத் தெரியாவிட்டால் அந்த அம்மா.

ஜூன் 28, புதன்

ரேணுகா கோவை பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவர்கள் அனுப்பவில்லை, அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். சண்முகக்கனி என்னிடம் பேசவில்லை, ரேணுகாவும் பேசவில்லை. தட்டில் இட்லி வந்தது, சட்னி வரவில்லை.

ஜூலை 1, சனி

செல்போன் கடைக்காரர் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"என் பயோடேட்டா எல்லாத்தையும் குடுங்க. இனிமே உங்க பையில ஒண்ணுகூட இருக்கக்கூடாது."

பையைக் கவிழ்த்தேன். மூன்று காப்பி என்று முன்பு எழுதியிருந்தேன். பதினொன்று இருந்தது. ஒன்றில் சாம்பார் பட்டிருந்தது. எண்ணிப் பார்த்தவள், சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 4, செவ்வாய்

எலெக்ட்ரீஷியன் வந்து லைனைப் பிரித்தார். இருபது நிமிடம். ஃபேன் சுற்றச்சுற்ற சர்வரைப் போட்டேன். கரண்ட் போகவில்லை. காற்றில் தாளெல்லாம் பறந்தது. பேப்பர் வெயிட் வைக்கும் பழக்கமே எனக்கு இல்லை என்று தெரிந்தது.

ஸ்டெல்லா வந்திருந்தார். சாஃப்ட்வேரில் வேறு இரண்டு கோளாறைக் காட்டிச் சரிசெய்தார். சரிசெய்ததை ஃபோரத்திலும் போட்டார், எல்லோருக்கும் உதவுமாம். "அந்தப் பன்னெண்டு படியை இங்கிலீஷ்ல அடிச்சது யாரு? தெளிவா எழுதியிருந்துச்சு" என்று கேட்டார். மகள் என்றேன். இன்ஜினியரிங் படித்தவள், வேலை தேடுகிறாள் என்பது நாக்கு நுனிவரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். உண்மையாகவே கடித்துக்கொண்டேன், ராத்திரி ரசம் எரிந்தது.

ஃபோரத்தில் திருத்தம் போட ரேணுகாவைக் கேட்டேன். "அடிக்கேன். ஆனா என் பேரும் போடுவேன்" என்றாள். ஒன்பதாவது படியில் 'இருமுறை கைதட்டவும்' என்று மாற்றிவிட்டால் கிருபாகரன் ஆட்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் கைதட்டுவார்கள் என்றேன். அவள் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவங்க புக்கை வச்சு எங்கயாவது ஒரு ஸ்டோர்க்காரர் உங்கள மாதிரி நம்பிச் செய்வாருப்பா."

பிறகு உள்ளது உள்ளபடி அடித்தாள்: ஒன்பதாவது படி தேவையில்லை. எங்கள் அறையின் மின்சார இணைப்பில் இருந்த கோளாறு அது. மன்னிக்கவும். அய்யாத்துரை, ரேணுகா.

ஜூலை 7, வெள்ளி

ஆஸ்பத்திரி மெயிலுக்கு வைடூரியம் இன்ஃபோவிடமிருந்து ஒரு விளம்பரம். எங்கள் தொடர் ஆராய்ச்சியின் பயனாக, மேம்படுத்தப்பட்ட பதினொரு படி முறை. இரண்டாம் பதிப்பு. எங்களை விட்டுவிட்டதற்காக நீங்கள் வருந்த நேரலாம் என்கிற தொனியில் கிருபாகரன் கையெழுத்து.

தங்கப்பழம் சார் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஃபேனை இன்னும் ஒரு புள்ளி கூட்டி வைத்தார்.

இன்று டாக்டரம்மாவிடம் டயரியைக் காட்ட வேண்டிய நாள். மேல்வரிகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். ஒரு மாதமாக எழுதிய நாளெல்லாம் இட்லி மூன்று.

காலை: இட்லி ஐந்து. எல்லா நாளும் ஐந்துதான்.